பிரிட்டன் பொதுத் தேர்தலும் கருத்துக்கணிப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் போதும், நாளொன்றுக்கு இரண்டு மூன்று கருத்துக்கணிப்புகள் வந்து விழும். 'லேபர் 20 புள்ளி முன்னிலை' என்று ஒரு தலைப்பு, மறுநாள் '16 ஆகக் குறைந்தது' என்று இன்னொன்று. (லேபர், கன்சர்வேட்டிவ் இரண்டும் அங்கே மாறி மாறி ஆண்ட பெரிய கட்சிகள். முன்னிலைப் புள்ளி என்பது இரு கட்சிகளின் வாக்குச் சதவீதத்துக்கு இடையிலான வித்தியாசம்.) இதையெல்லாம் எவ்வளவு தூரம் நம்பலாம், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கான பதில்கள் இங்கே. என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கணிப்புகள் மிகவும் பயனுள்ளவை. ஆனால் செய்திகள் தூக்கிப் பிடிக்கும் அந்த முன்னிலை எண்தான் அவற்றில் ஆக நம்பிக்கை குறைந்த பகுதி. அதற்குக் கீழே இருக்கும் அட்டவணைகளில்தான் மக்கள் மனம் தெரியும்.

கருத்துக்கணிப்பில் அப்படி என்னதான் கேட்கிறார்கள்?

முதன்மைக் கேள்வி எளிமையானது. 'நாளைக்கே பொதுத் தேர்தல் நடந்தால் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவீர்கள்?' அதோடு, கட்டாயம் போய் ஓட்டுப் போடுவீர்களா என்பதை 0 முதல் 10 வரை மதிப்பெண்ணாகக் கேட்பார்கள். போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்ற 2016 வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் என்பதும் வரும். பிறகு தலைவர்களைப் பற்றி, நாட்டின் முக்கியப் பிரச்சினைகளைப் பற்றிச் சில கேள்விகள்.

இப்போது பெரும்பாலான கணிப்புகள் இணையம் வழியாகத்தான் நடக்கின்றன. யூகவ் போன்ற நிறுவனங்கள் லட்சக்கணக்கானோரை உறுப்பினராகச் சேர்த்து வைத்திருக்கின்றன. அவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்துக் கேள்விகளை அனுப்புகிறார்கள், பதில் சொன்னால் சிறு தொகையோ புள்ளிகளோ கிடைக்கும். தொலைபேசியில் கேட்கும் முறையும் முழுக்க மறைந்துவிடவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்பது செலவும் நேரமும் அதிகம் பிடிக்கும் வேலை என்பதால் பிரசார காலத்தில் அபூர்வம்.

இன்னொன்று: வழக்கமான கணிப்புகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றையும் மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. வட அயர்லாந்தில் கட்சிகளே வேறு, அதனால் அங்குள்ள 18 தொகுதிகள் இந்தக் கணக்கில் வராது.

நாலரைக் கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். ஆயிரம் பேரைக் கேட்டால் போதுமா?

அந்த ஆயிரம் பேர் எல்லா வகை மனிதர்களையும் சரியான அளவில் கொண்டிருந்தால் போதும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோறு சீராக வெந்திருந்தால் மட்டுமே உண்மை. அடியில் குழைந்து மேலே அரிசியாக இருந்தால் எந்தப் பருக்கையை எடுத்தோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறிவிடும். கணிப்புகள் பெரிதாகத் தவறிய தேர்தல்களில் பெரும்பாலும் அதுதான் நடந்தது.

ஆயிரம் பேர் கொண்ட மாதிரிக்குப் பிழை வரம்பு சுமார் 3 புள்ளி என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்த வரம்பு ஒவ்வொரு கட்சியின் பங்குக்கும் தனித்தனியாகப் பொருந்துவது. இரண்டு கட்சிகளுக்கு இடையிலான முன்னிலைக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். 40-க்கு 34 என்று 6 புள்ளி முன்னிலை காட்டினால், உண்மையில் சமநிலையாகவும் இருக்கலாம், 12 புள்ளியாகவும் இருக்கலாம். முன்னிலை 20-லிருந்து 18 ஆனதை 'சரிவு' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதில் எந்தத் தகவலும் இல்லை.

பாடப்புத்தகக் கணக்கு, மாதிரியை நேர்மையாகச் சீட்டுக் குலுக்கி எடுத்ததாக வைத்துக்கொள்கிறது. நடைமுறை அப்படியில்லை. அதனால்தான் கணிப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பான பிரிட்டிஷ் போலிங் கவுன்சில், பழைய அனுபவத்தை வைத்து வேறொரு அளவுகோலைச் சொல்கிறது: ஒரு கட்சியின் உண்மையான பங்கு, கணிப்பு சொன்னதிலிருந்து 4 புள்ளிக்குள் இருக்கப் பத்தில் ஒன்பது வாய்ப்பு உண்டு. இதைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

'தெரியவில்லை' என்று சொல்பவர்களை என்ன செய்கிறார்கள்?

பல நிறுவனங்கள் அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மீதிப் பேரை 100 சதவீதமாக்குகின்றன. எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. ஆயிரம் பேரில் 170 பேர் 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்கிறார்கள், 80 பேர் 'ஓட்டே போட மாட்டேன்' என்கிறார்கள். மீதி 750. அதில் 300 பேர் லேபர் என்றால், 300-ஐ 750-ஆல் வகுத்து 'லேபர் 40 சதவீதம்' என்று வெளியிடுவார்கள். ஆனால் கேட்ட ஆயிரம் பேரில் லேபர் என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் 30 சதவீதம்தான். அந்த 170 பேர் எல்லாக் கட்சிகளுக்கும் சமமாகப் பிரிந்து போவார்கள் என்பது ஓர் ஊகம், அவ்வளவுதான்.

சில தேர்தல்களில் இந்த ஊகம் பலித்துவிடும். ஆனால் நீண்ட நாள் ஆட்சியில் இருக்கும் கட்சி மீது அதன் சொந்த ஆதரவாளர்களே கோபத்தில் இருக்கும்போது பிரச்சினை வரும். 2024-இல் அதுதான் நிலைமை. 2019-இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களில் கணிசமானோர் 'தெரியவில்லை' என்ற பெட்டியில் நின்றுகொண்டிருந்தார்கள். எதிர்க்கட்சிக்குப் போக மனமில்லை, சொந்தக் கட்சியைச் சொல்ல வாய் வரவில்லை. அப்படிப்பட்டவர் கடைசியில் வீட்டில் உட்காரலாம், அல்லது பழைய இடத்துக்கே திரும்பலாம். அவரை அழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் ஆளுங்கட்சி உண்மையைவிட மெலிந்து தெரியும். அதனால் சில நிறுவனங்கள் அவர்களுடைய வயது, முன்பு போட்ட ஓட்டு ஆகியவற்றைப் பார்த்து ஒரு கட்சியில் சேர்க்கின்றன. ஒரே வாரத்தில் இரண்டு நிறுவனங்களின் எண்கள் வெகுவாக வேறுபட்டால், பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

சரி, 2024-இல் கணிப்புகள் பலித்தனவா, இல்லையா?

யார் ஜெயிப்பார் என்பதில் பலித்தன. எவ்வளவு வாக்கில் என்பதில் தவறின. ஜூலை 4 தேர்தலுக்கு முந்தைய கடைசிக் கணிப்புகளின் சராசரி, லேபர் கட்சிக்கு 18, 19 புள்ளி முன்னிலை என்றது. கிடைத்தது 10. லேபர் 33.7 சதவீதம், கன்சர்வேட்டிவ் 23.7. வழக்கமாகச் சில நிறுவனங்கள் மேலேயும் சில கீழேயும் தவறும். இந்த முறை எல்லோரும் லேபர் கட்சியை மிகையாகவே காட்டினார்கள்.

அப்படியும் யாரும் பெரிதாகச் சத்தம் போடவில்லை. லேபர் 411 தொகுதிகளை அள்ளிவிட்டதால் எண்ணில் இருந்த ஓட்டை மறைந்துவிட்டது. இதே அளவு பிழை நெருக்கமான தேர்தலில் நடந்திருந்தால் ஆளே மாறியிருப்பார். வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்கள் என்று 2024-ஐ நல்ல மதிப்பெண் போட்டு அனுப்பிவிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஏன் தவறியது? கன்சர்வேட்டிவ் பக்கத்தின் 'தெரியவில்லை' கூட்டம் ஒன்று. 'லேபர் எப்படியும் ஜெயித்துவிடும்' என்று நினைத்தவர்கள் பசுமைக் கட்சிக்கும் சுயேச்சைகளுக்கும் போனது அல்லது ஓட்டுப் போடவே போகாமல் இருந்துவிட்டது இன்னொன்று. பதிவான வாக்கு 60 சதவீதத்தை ஒட்டி, 2001-க்குப் பிறகு மிகக் குறைவு.

இதற்கு முன் எப்போதெல்லாம் பெரிதாகத் தவறியது?

1970, 1992, 2015. மூன்றிலும் கன்சர்வேட்டிவ் கட்சியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். 2017-இல் மட்டும் தலைகீழ். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

1970 ஜூனில் லேபர் பிரதமர் ஹரால்ட் வில்சன் சுலபமாகத் திரும்பி வருவார் என்று எல்லோரும் நம்பினார்கள். கன்சர்வேட்டிவ் தலைவர் எட்வர்ட் ஹீத் ஜெயித்தார். பெரும்பாலான நிறுவனங்கள் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பே கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தன. ஓ.ஆர்.சி. என்ற ஒரு நிறுவனம் மட்டும் முன்பு பேசியவர்களில் சிலரைக் கடைசி நேரத்தில் மறுபடி தொடர்புகொண்டு, காற்று மாறுவதைக் கண்டுபிடித்துக் கன்சர்வேட்டிவ் 1 புள்ளி முன்னிலை என்று சொன்னது.

1992-இல் கடைசிக் கணிப்புகள் லேபர் ஒரு மயிரிழை முன்னிலை என்றன. ஜான் மேஜரின் கன்சர்வேட்டிவ் கட்சி ஏழரைப் புள்ளி முன்னிலையில் ஜெயித்தது. மாதிரியில் யார் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற அளவுகள் காலாவதியானவை, கடைசி நேர மாற்றம், பதில் சொல்ல மறுத்தவர்களில் கன்சர்வேட்டிவ் ஆதரவாளர்கள் அதிகம் என்று மூன்று காரணங்களை விசாரணை சுட்டிக்காட்டியது.

2015 தான் பாடம் நிறைந்தது. மே 7-க்கு முன் வாரக்கணக்கில் இரு கட்சிகளும் சமநிலை. தொங்கு நாடாளுமன்றம் உறுதி என்று வைத்துக்கொண்டு, எந்தக் கட்சி யாரோடு கூட்டு சேரும் என்பதே பிரசாரப் பேச்சாக மாறிவிட்டது. லேபர் தலைவர் எட் மிலிபாண்ட் பிரதமரானால் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் சட்டைப்பையில் இருப்பார் என்று கன்சர்வேட்டிவ் கட்சி சுவரொட்டியே அடித்தது. முடிவில் கன்சர்வேட்டிவ் பிரதமர் டேவிட் கேமரன் ஆறரைப் புள்ளி முன்னிலையோடு தனிப்பெரும்பான்மை பெற்றார். ஒரு தவறான எண், ஒரு தேர்தல் முழுவதும் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதையே தீர்மானித்துவிட்டது. கணிப்பின் பிழை இந்த அளவுக்குத் தேர்தலையே வளைக்க முடியும் என்பதால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை.

பேராசிரியர் பேட்ரிக் ஸ்டர்ஜிஸ் தலைமையிலான விசாரணைக் குழு 2016 மார்ச்சில் அறிக்கை தந்தது. முக்கியக் காரணம் மாதிரிகள் சரியில்லாததுதான் என்று அது சொன்னது. பதில் சொல்ல எளிதில் கிடைத்தவர்கள் லேபர் பக்கம் சாய்ந்திருந்தார்கள். அரசியல் ஆர்வம் மிக்க இளைஞர்கள் தேவைக்கு மேல், 70 வயதைத் தாண்டியவர்கள் தேவைக்குக் கீழ். தேர்தலுக்குப் பிறகு, ஒரே வீட்டுக் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டி நடத்திய ஆய்வுகளில் கன்சர்வேட்டிவ் முன்னிலை பளிச்சென்று தெரிந்தது. முதல் தடவையே வீட்டில் கிடைத்தவர்களின் அரசியலும் நான்காவது ஐந்தாவது தடவை போய்ப் பிடித்தவர்களின் அரசியலும் வேறு வேறாக இருந்தன.

ஒரு நிறுவனம் சரியான எண்ணை வைத்துக்கொண்டே வெளியிடவில்லையாமே?

ஆமாம், அதே 2015-இல். சர்வேஷன் நிறுவனம் தேர்தலுக்கு முந்தைய நாள் தொலைபேசியில் நடத்திய கணிப்பில் கன்சர்வேட்டிவ் 37, லேபர் 31 என்று வந்தது. நடந்த முடிவுக்கு மிக அருகில். மற்ற எல்லோரும் சமநிலை என்று சொல்லும்போது தங்கள் எண் மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறதே என்று அஞ்சி வெளியிடாமல் விட்டதாக அதன் தலைவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

ஆகவே, பத்து நிறுவனங்கள் ஒரே எண்ணைச் சொல்கின்றன என்பதால் அது பத்து மடங்கு உறுதியாகிவிடாது. ஒருவரை ஒருவர் பார்த்து ஒதுங்கி நின்றிருக்கலாம். கொஞ்சம் சிதறலாக வரும் எண்களையே நான் அதிகம் நம்புகிறேன். அதே சர்வேஷன் 2017-இல் துணிந்து தனித்து நின்றது, கன்சர்வேட்டிவ் முன்னிலை வெறும் 1 புள்ளி என்றது. முடிவு 2-ஐ ஒட்டி வந்தது.

மக்கள் பொய் சொல்கிறார்களா?

வேண்டுமென்றே பொய் சொல்பவர்கள் குறைவு. 'வெட்கப்படும் டோரி' (டோரி என்பது கன்சர்வேட்டிவ் கட்சியினரின் இன்னொரு பெயர்) என்று 1992-க்குப் பிறகு ஒரு விளக்கம் பிரபலமானது: கன்சர்வேட்டிவ் கட்சிக்குத்தான் போடப்போகிறோம் என்று சொல்லக் கூச்சப்படுபவர்கள். 2015 விசாரணை அதைத் தேடிப் பார்த்தது, சான்று கிடைக்கவில்லை. இணையத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் பதில் சொல்லும்போது கூச்சப்பட என்ன இருக்கிறது?

நினைவுப் பிழைதான் நிஜமான தொல்லை. ஐந்து வருடத்துக்கு முன் யாருக்குப் போட்டோம் என்பதைப் பலர் தப்பாகச் சொல்கிறார்கள். ஜெயித்த கட்சிக்குப் போட்டதாக நினைத்துக்கொள்பவர்களும் உண்டு, ஓட்டே போடாமல் போட்டதாகச் சொல்பவர்களும் உண்டு. அந்தப் பதிலை வைத்து மாதிரியைச் சரிக்கட்டினால் பிழை அப்படியே உள்ளே வந்துவிடும். அதனால் யூகவ் போன்றவர்கள் தேர்தல் முடிந்ததும் கேட்டுப் பதிவு செய்து வைத்த பதிலையே பிறகும் பயன்படுத்துகிறார்கள்.

மாதிரியைச் சரிக்கட்டுவது என்றால் எண்ணைத் திருத்துவதா?

எடை போடுவது என்று சொல்லுங்கள், அது நியாயமான வேலை. நாட்டில் 65 வயதுக்கு மேற்பட்டோர் இத்தனை பங்கு என்று மக்கள்தொகைக் கணக்கு சொல்கிறது. மாதிரியில் அதைவிடக் குறைவாக வந்திருந்தால் அவர்களில் ஒவ்வொருவர் பதிலையும் ஒன்றுக்கு மேலாக எண்ணுவார்கள். வயது, பாலினம், வட்டாரம், கல்வி, பழைய ஓட்டு என்று பலவற்றுக்கும் இப்படிச் செய்வார்கள். கல்வி முன்பு இந்தப் பட்டியலில் அவ்வளவு முக்கியமில்லை. 2016 வாக்கெடுப்பில் பட்டம் பெற்றவர்களும் பெறாதவர்களும் எதிரெதிராகப் பிரிந்த பிறகு அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது.

பிரசாரம் மக்கள் மனதை மாற்றுமா? அல்லது முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்களா?

பல தேர்தல்களில் பிரசாரம் கொஞ்சம்தான் நகர்த்தும். 2017 அப்படி இல்லை.

அந்த ஏப்ரல் 18-ஆம் தேதி கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரசா மே திடீரென்று தேர்தல் அறிவித்தபோது கணிப்புகளில் அவர் முன்னிலை 20 புள்ளியை ஒட்டியிருந்தது. தனிப்பட்ட செல்வாக்கிலும் லேபர் தலைவர் ஜெரமி கோர்பினைவிட வெகு தூரம் முன்னால். மே 18-இல் அவர் கட்சியின் தேர்தல் அறிக்கை வந்தது. வயதான காலத்தில் வீட்டிலேயே பராமரிப்புப் பெறுபவர்களின் செலவைக் கணக்கிடும்போது அவர்கள் வீட்டின் மதிப்பையும் சேர்ப்போம் என்று அதில் ஒரு வரி. மறதிநோய் வந்த பெற்றோரின் வீடு கையைவிட்டுப் போய்விடுமே என்று குடும்பங்கள் கலங்கின. 'டிமென்ஷியா வரி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நான்கே நாளில், செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைப்போம் என்று தெரசா மே பின்வாங்கினார், அதே மூச்சில் எதுவும் மாறவில்லை என்றும் சொன்னார். 'உறுதியான தலைமை' என்பதையே முழக்கமாக வைத்துப் பிரசாரம் செய்தவருக்கு அது பெரிய அடி. அன்று இரவே மான்செஸ்டர் அரங்கில் குண்டுவெடிப்பு நடந்து பிரசாரம் சில நாள் நின்றது. மீண்டும் தொடங்கியபோது முன்னிலை கரைந்துகொண்டிருந்தது. ஜூன் 8-இல் அவர் பெரும்பான்மையை இழந்தார்.

இதில் கணிப்பாளர்களின் கதையும் உண்டு. 2015-இல் லேபர் கட்சியை மிகையாகக் காட்டிவிட்டோம் என்று, இளைஞர்கள் சொன்னாலும் ஓட்டுப் போட வரமாட்டார்கள் என்ற அனுமானத்தைச் சிலர் சூத்திரமாகவே சேர்த்துவிட்டார்கள். அப்படிச் செய்தவர்கள் 2017-இல் 10, 12 புள்ளி முன்னிலை என்று சொல்லி மாட்டிக்கொண்டார்கள். 'கட்டாயம் போவேன்' என்று மக்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் முடிவுக்கு அருகில் வந்தார்கள். போன தேர்தலின் பிழைக்குக் கட்டிய மருந்து, அடுத்த தேர்தலின் நோயாகிவிட்டது.

2024 பிரசாரத்தில் பெரிய நகர்வு கன்சர்வேட்டிவுக்கும் அதைவிட வலதுசாரியான ரிஃபார்ம் யூகே கட்சிக்கும் இடையில்தான். மே 22-இல் மழையில் நனைந்தபடி கன்சர்வேட்டிவ் பிரதமர் ரிஷி சுனக் தேர்தலை அறிவித்தார். ஜூன் 3-இல் ரிஃபார்ம் சார்பில் நைஜல் ஃபராஜ் போட்டியிடப் போவதாகச் சொன்னார். ஜூன் 6-இல் இரண்டாம் உலகப் போரின் நார்மண்டி தரையிறக்கத்தின் 80-ஆம் ஆண்டு நிகழ்விலிருந்து சுனக் சீக்கிரமே கிளம்பி வந்தது முன்னாள் படைவீரர்களை மதிக்கும் அவரது சொந்த ஆதரவாளர்களையே காயப்படுத்தியது. ஜூன் 13-இல் யூகவ் கணிப்பு ஒன்றில் ரிஃபார்ம் 19, கன்சர்வேட்டிவ் 18. தேர்தல் நாளில் அந்த வரிசை நிற்கவில்லை, ரிஃபார்ம் 14.3 சதவீதத்தில் நின்றது.

முன்னிலை எண்ணைவிட நம்பகமான கேள்வி ஏதாவது உண்டா?

இரண்டு. 'யார் சிறந்த பிரதமராக இருப்பார்?' 'பொருளாதாரத்தை யார் நன்றாக நடத்துவார்கள்?' 2015-இல் ஓட்டுக் கேள்வி சமநிலை காட்டிக்கொண்டிருந்த நாட்களிலும் இந்த இரண்டிலும் கேமரன் பக்கம் தெளிவாக முன்னால் இருந்தது. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது போதுமான எச்சரிக்கை. தலைவர் விஷயத்திலும் பொருளாதாரத்திலும் ஒருசேரப் பின்தங்கிய எதிர்க்கட்சி ஓட்டில் மட்டும் சமமாக நிற்கிறது என்றால் அந்தச் சமத்தைச் சந்தேகிப்பது நல்லது.

'நாட்டின் முன் நிற்கும் முக்கியப் பிரச்சினை எது?' என்பதும் பயனுள்ளது. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் பிரெக்ஸிட் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. 2024-இல் விலைவாசி, தேசிய சுகாதாரச் சேவை, குடியேற்றம்.

சதவீதத்திலிருந்து தொகுதி எண்ணிக்கையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

650 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார். நம் ஊர் முறையேதான். பிரிட்டன் விட்டுச்சென்றதை இந்தியா வைத்துக்கொண்டது. இதனால் சதவீதமும் இடமும் கைகோத்துப் போவதில்லை. 2024-இல் ரிஃபார்ம் யூகே 41 லட்சம் ஓட்டுக்கு 5 இடம், லிபரல் டெமாக்ரட் கட்சி 35 லட்சம் ஓட்டுக்கு 72 இடம். லேபர் கட்சி 2017-இல் தோற்றபோது வாங்கியது 1.28 கோடிக்கு மேல், 2024-இல் அமோகமாக ஜெயித்தபோது 97 லட்சம்.

இப்போது பெரிய நிறுவனங்கள் 'எம்.ஆர்.பி.' என்ற முறையைப் பின்பற்றுகின்றன. பல்லாயிரம் பேரைக் கேட்டு, எந்த வகை மனிதர் எப்படிப் போடுகிறார் என்று கணக்குப் போட்டு ஒரு சூத்திரம் உருவாக்குவார்கள். ஓய்வுபெற்ற, சொந்த வீடுள்ள, 70 வயதுப் பெண் ஒருவர் இப்படி. வாடகை வீட்டில் இருக்கும் 28 வயதுப் பட்டதாரி அப்படி. பிறகு ஒவ்வொரு தொகுதியிலும் எந்த வகை மனிதர் எத்தனை பேர் என்று பார்த்துப் பெருக்குவார்கள். 2017-இல் பெரும்பாலானோர் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் பெரும்பான்மை என்றபோது, யூகவ் இந்த முறையில் தொங்கு நாடாளுமன்றம் என்று சொல்லி வியப்பூட்டியது.

ஆனால் அதிலும் கவனம் வேண்டும். 2024-இல் யூகவ் லேபர் 431, கன்சர்வேட்டிவ் 102 என்றது. சர்வேஷன் 484, 64 என்றது. உண்மையில் கன்சர்வேட்டிவ் 121. ஒரே முறை என்ற பெயரில் இவ்வளவு இடைவெளி. தொகுதிவாரியாக அழகான வரைபடம் தருவதால் அந்தத் தொகுதியில் போய்க் கேட்டுவந்தார்கள் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஒரு தொகுதிக்கு நூறு பேர்கூடக் கிடைப்பதில்லை. உள்ளூர் வேட்பாளர் ஒருவரின் செல்வாக்கு, காஸா போர் பற்றிய கோபம் போன்றவை இந்தக் கணக்கில் எளிதில் சிக்காது. லெஸ்டர் சவுத்தில் லேபரின் ஜோனத்தன் ஆஷ்வொர்த் சுயேச்சை வேட்பாளரிடம் தோற்றது பலருக்கும் அதிர்ச்சி.

எக்ஸிட் போல் மட்டும் எப்படி இவ்வளவு சரியாக வருகிறது?

அது வேறு ரகம். மற்றவை நாளை என்ன செய்வீர்கள் என்று கேட்கின்றன. இது இப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்கிறது. யார் ஓட்டுப் போட வருவார் என்ற ஊகமே தேவையில்லை, வந்தவர் எதிரில் நிற்கிறார்.

பிபிசி, ஐடிவி, ஸ்கை மூன்றும் சேர்ந்து நடத்தும் இதில், நாடெங்கும் 130-ஐ ஒட்டிய வாக்குச் சாவடிகளுக்கு வெளியே காலையிலிருந்து இரவு வரை ஆட்கள் நிற்பார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் வெளியே வருபவர்களிடம் ஓட்டுச்சீட்டு மாதிரி ஒரு தாளை நீட்டுவார்கள். உள்ளே எப்படிப் போட்டாரோ அப்படியே அதில் குறியிட்டு மடித்து ஒரு பெட்டியில் போட வேண்டும். யாரும் பார்ப்பதில்லை, வாய்விட்டுச் சொல்ல வேண்டியதும் இல்லை. கூடுமானவரை போன தேர்தலில் நின்ற அதே சாவடிகளுக்கே திரும்பப் போகிறார்கள். இதுதான் சூட்சுமம். அந்தச் சாவடி நாட்டைப் போலவே இருக்க வேண்டியதில்லை. போன முறையிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதுதான் தேவை. எந்த வகைத் தொகுதியில் எவ்வளவு மாற்றம் என்று கணக்கிட்டு 650 தொகுதிகளுக்கும் விரிக்கிறார்கள். தபாலில் ஓட்டுப் போடுபவர்கள் இதில் வருவதில்லை. ஆனால் மாற்றம் அவர்களிடமும் ஏறக்குறைய அதேபோல இருக்கும் என்று எடுத்துக்கொள்வது இதுவரை கைகொடுத்திருக்கிறது.

இந்த முறையை உருவாக்கியதில் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கர்ட்டிஸுக்கும் புள்ளியியலாளர் டேவிட் ஃபர்த்துக்கும் பெரும் பங்கு. 2005-இல் லேபர் பெரும்பான்மை 66 என்று சொன்னார்கள், 66 தான் வந்தது. 2015-இல் இரவு பத்து மணிக்குக் கன்சர்வேட்டிவ் 316 என்றபோது லிபரல் டெமாக்ரட் முன்னாள் தலைவர் பேடி ஆஷ்டவுன், இது சரியானால் என் தொப்பியைத் தின்கிறேன் என்று நேரலையில் சொன்னார். அவர் கட்சிக்கு 10 இடம் என்றது எக்ஸிட் போல். கிடைத்தது 8. 2024-இல் லேபர் 410 என்று சொல்லி 411-ஐத் தொட்டார்கள். ரிஃபார்ம் 13 என்றது மட்டும் 5-இல் நின்றது.

கணிப்புகளை வெளியிடத் தடை உண்டா?

எக்ஸிட் போலுக்கு மட்டும். இரவு 10 மணிக்கு வாக்குப்பதிவு முடியும்வரை வெளியிடுவது சட்டப்படி குற்றம். மற்றபடி தேர்தல் நாள் காலை வரைகூடக் கணிப்புகள் வரலாம். 2018-இல் பிரபுக்கள் அவைக் குழு ஒன்று தடை தேவையா என்று ஆராய்ந்து வேண்டாம் என்றது. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. தடை போட்டால் கணிப்பு நின்றுவிடாது. கட்சிகளும் பணமுள்ளவர்களும் தங்களுக்குள் நடத்திக்கொள்வார்கள், சாதாரண வாக்காளருக்கு மட்டும் தெரியாமல் போகும். டாக்டிகலாக, அதாவது பிடிக்காத கட்சியைத் தோற்கடிக்கக்கூடியவருக்கு ஓட்டுப் போட நினைப்பவருக்கு, தன் தொகுதியில் யார் இரண்டாம் இடத்தில் இருக்கிறார் என்பது தெரிந்தே ஆக வேண்டும்.

பிரிட்டனில் இருக்கும் தமிழர்கள் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்று கணிப்பு உண்டா?

வழக்கமான கணிப்பில் கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டாயிரம் பேர் மாதிரியில் தமிழர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் வருவார்கள். 'ஆசிய வாக்காளர்கள்' என்று ஒரு பத்தி போட்டிருந்தாலும் அதில் குஜராத்தி, பஞ்சாபி, வங்காளி, பாகிஸ்தானி எல்லோரும் ஒன்றாகக் கலந்திருப்பார்கள். 2024-இல் நாடெங்கும் கன்சர்வேட்டிவ் சரிந்தபோது இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் லெஸ்டர் ஈஸ்ட் தொகுதியை மட்டும் அந்தக் கட்சி லேபரிடமிருந்து பறித்தது. ஆசிய வாக்கு என்று ஒரே பொட்டலமாகக் கட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு இது போதும். ஆங்கிலத்தில் மட்டும் கேட்கும் இணையக் கணிப்பில் மூத்த தலைமுறை விடுபட்டுப்போகிறது என்பதும் உண்மை.

அதே தேர்தலில்தான் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த உமா குமரன், கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் லேபர் சார்பில் வென்றார். ஒரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை: பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள், காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெயர் பதிவு செய்திருக்க வேண்டும், வாக்குச் சாவடிக்குப் போகும்போது புகைப்பட அடையாள அட்டை வேண்டும்.

செய்தியில் ஒரு கணிப்பைப் பார்த்ததும் எதைக் கவனிக்கலாம்?

முதலில் தேதி: வெளியான நாளைவிட, கேள்வி கேட்ட நாட்கள் முக்கியம். ஒரு கட்சித் தலைவர் திங்கட்கிழமை பேசியதன் விளைவை, அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் கேட்ட கணிப்பில் தேட முடியாது. அப்புறம் யார் பணம் கொடுத்தது, கேள்வி எந்த வார்த்தைகளில் இருந்தது. பிரிட்டிஷ் போலிங் கவுன்சில் உறுப்பினர்கள், கணிப்பு வெளியான இரண்டு வேலை நாளுக்குள் முழு அட்டவணையையும் தங்கள் தளத்தில் போட வேண்டும் என்பது விதி. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அட்டவணையில் 'தெரியவில்லை' எத்தனை என்று பாருங்கள். ஸ்காட்லாந்து, 18–24 வயது என்று உட்பிரிவு எண்ணை வைத்துத் தலைப்பு போட்டிருந்தால் அங்கே நூறு பேராவது இருந்தார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். ஒரு கணிப்பை அதே நிறுவனத்தின் முந்தைய கணிப்போடுதான் ஒப்பிட வேண்டும். யூகவ் எண்ணிலிருந்து இப்சோஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் எண்ணைக் கழித்தால் வருவது மக்கள் மனமாற்றம் இல்லை.

16 வயதில் ஓட்டுரிமை வந்தால் கணிப்புகள் என்ன ஆகும்?

வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. ஸ்காட்லாந்து, வேல்ஸ் நாடாளுமன்றத் தேர்தல்களில் ஏற்கெனவே 16 வயதினர் போடுகிறார்கள். பொதுத் தேர்தலுக்குப் புதிய தலைவலி இது: போன தேர்தலில் யாருக்குப் போட்டார்கள் என்று கேட்டு எடை போட இந்த வயதினரிடம் போன தேர்தலே இல்லை. எத்தனை பேர் பெயர் பதிவு செய்வார்கள், எத்தனை பேர் உண்மையில் சாவடிக்கு வருவார்கள் என்பதற்கும் பொதுத் தேர்தல் அனுபவம் எதுவும் இல்லை. 2017-இல் இளைஞர்கள் வரமாட்டார்கள் என்று சூத்திரம் போட்டு அடி வாங்கியவர்கள் இந்த முறை எந்தச் சூத்திரம் போடுகிறார்கள் என்று நான் உன்னிப்பாகப் பார்க்கப்போகிறேன்.